இதுக்கு முன்னாடி இந்த கிட்டார் யார் கையில இருந்துச்சு?

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு கேள்வி. ஐம்பது, அறுபது வருஷப் பழசான ஒரு ஜாஸ் கிட்டார் உங்க கைக்கு வருது. உங்களுக்கு முன்னாடி அது யார் யார்கிட்ட இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கேட்கும்போது பணக்காரங்க பொழுதுபோக்கு மாதிரி தெரியும். ஆனா இந்தக் கேள்விக்குப் பின்னாடி இன்னொரு கேள்வி நிக்குது. இது இப்போ யாருடைய பொருள்? அந்த ரெண்டாவது கேள்விதான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் நண்பன் வீட்டுல ரெண்டு வருஷமா ஓடிட்டு இருக்கு. ராஜபாளையத்துல இருந்து அவன் வீட்டுக்கு பைக்ல அரை மணி நேரம்கூட ஆகாது. அதனால இந்தத் தேடல்ல நானும் மாட்டிக்கிட்டேன். அந்தக் கதைக்கு வர்றேன். அதுக்கு முன்னாடி இந்த மாதிரித் தேடல் எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சாதான், நாங்க எங்க போய் முட்டி நின்னோம்னு புரியும்.

முதல்ல, ஜாஸ் கிட்டார்னா என்ன?

நாம சாதாரணமா பார்க்கிற கிட்டார்ல முன்பலகை தட்டையா இருக்கும், நடுவுல வட்டமா ஒரு ஓட்டை இருக்கும். ஜாஸ் கிட்டார்ல முன்பலகை வயலின் மாதிரி மேடு கட்டியிருக்கும். வட்ட ஓட்டைக்குப் பதிலா ரெண்டு பக்கமும் எஃப் எழுத்து வடிவத்துல திறப்பு இருக்கும். இதுக்குப் பேரு ஆர்ச்டாப். 1922ல அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்து கலமசூ ஊர்ல கிப்சன் கம்பெனி எல்-5ங்கிற மாடலைக் கொண்டு வந்தது. எஃப் துளை வச்ச ஆர்ச்டாப் கிட்டார்களுக்கு அதுதான் முன்மாதிரி. காரணம் ரொம்ப சிம்பிள். டிரம்பெட், சாக்ஸபோன், டிரம்ஸ்னு ஒரு பெரிய கோஷ்டி வாசிக்கும்போது நடுவுல கிட்டார் சத்தமும் கேட்கணும். 1936ல கிப்சன் இஎஸ்-150ன்னு பிக்கப் வச்ச எலக்ட்ரிக் மாடல் வந்துச்சு. அதை வச்சு சார்லி கிறிஸ்டியன் வாசிச்ச பிறகு, கிட்டார் தனியா சோலோ வாசிக்கிற வாத்தியமாவே மாறிடுச்சு.

சரி, இந்த கிட்டார்களோட பழைய ஓனரை எப்படித் தேடுறது? நம்ம வேலையில ஒரு வசதி இருக்கு. ஒரு ஃபைல்ல ஒரு வரியை யார் எழுதினாங்க, எப்போ மாத்தினாங்க, ஏன் மாத்தினாங்கன்னு கிட் லாக் பார்த்தா தெரிஞ்சிடும். கிட்டாருக்கு கிட் லாக் கிடையாது. (சிரிப்பு) ஆனா சில இடங்கள்ல அதுக்குப் பக்கத்துல வர்ற ஒண்ணு இருக்கு.

நியூயார்க்ல ஜான் டி'ஏஞ்சலிகோன்னு ஒருத்தர். 1932ல கென்மேர் தெருவுல 40ஆம் நம்பர்ல சொந்தமா கடை போட்டார். 1964ல இறக்கிற வரைக்கும் சீரியல் நம்பர் போட்டுச் செஞ்ச கிட்டார் மொத்தம் 1,164. முப்பது வருஷத்துக்கும் மேல உழைச்சு ஆயிரத்துச் சொச்சம்தான். இன்னைக்கு ஜாஸ் உலகத்துல அதுக்கு மேல மதிப்பான கிட்டார் ரொம்பக் கம்மி. விஷயம் என்னன்னா, அவர் கடையில ஒரு லெட்ஜர் வச்சிருந்தாங்க. கிட்டார் நம்பர், மாடல், தேதி, வாங்கினவர் பேரு. நம்ம ஊர் ஜவுளிக்கடையில கைக்கணக்கு நோட்டு இருக்குமில்ல, அது மாதிரிதான். யாரோ ஒரு ஆராய்ச்சியாளருக்காக அவர் அதை எழுதலை. வியாபாரத்துக்காக எழுதினார். ஆனா இன்னைக்கு ஒரு டி'ஏஞ்சலிகோ உங்க கையில கிடைச்சா, அதோட முதல் சொந்தக்காரர் யாருன்னு சொல்ற நோட்டு அது.

கிப்சன்லயும் கப்பல், ரயில்ல சரக்கு அனுப்பின லெட்ஜர்கள் இருக்கு. அதுல எந்த நம்பர் கிட்டார் எந்தத் தேதியில எந்தக் கடைக்குப் போச்சுன்னு இருக்கும். அதுக்கும் முன்னாடி, எல்-5 உருவான காலத்துல அங்க வேலை பார்த்த லாயிட் லோர், உள்ள ஒட்டின லேபிள்ல கையெழுத்துப் போட்டுத் தேதியும் எழுதினார். அவர் 1924 கடைசியில கம்பெனியை விட்டுப் போயிட்டார். அதனால அந்தக் கையெழுத்து இருந்தாலே காலம் ஓரளவு உறுதி.

ஆனா கவனிங்க. இந்த லெட்ஜர் எல்லாமே முதல் அடியை மட்டும்தான் சொல்லும். தொழிற்சாலையில இருந்து கடைக்கு, கடையில இருந்து முதல் ஆளுக்கு. அதுக்கப்புறம் அவர் வித்தாரா, சீட்டாட்டத்துல தோத்தாரா, மருமகனுக்குக் கொடுத்தாரா, யாராவது திருடினாங்களா? எந்த நோட்டுலயும் இருக்காது. ரெண்டாவது ஓனர்ல இருந்து நமக்குத் தேவைப்படுறது வேற சாட்சி.

அந்த வேற சாட்சி என்னன்னு காட்ட, டெக் ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிக்கிற ஒரு கதை இருக்கு.

ராண்டி பாக்மன். கனடாவோட ராக் இசைக்கலைஞர். தி கெஸ் ஹூ, பாக்மன் டர்னர் ஓவர்டிரைவ்னு ரெண்டு பெரிய பேண்டுக்குச் சொந்தக்காரர். இளைஞரா இருந்தப்போ சின்னச் சின்ன வேலை பார்த்துச் சேர்த்த 400 டாலர்ல ஒரு கிட்டார் வாங்கினார். 1957ல செஞ்ச ஆரஞ்சு நிற கிரெட்ச் 6120. அதுவும் எஃப் துளை வச்ச ஹாலோ பாடி கிட்டார்தான். 1976ல டொராண்டோவுல ஹோட்டல் அறையில இருந்து அது திருடு போயிடுச்சு. போலீஸ், பழைய கிட்டார் கடைகள், விளம்பரம்னு தேடினார், கிடைக்கலை. அந்த ஏக்கத்துல கிரெட்ச் கிட்டார்களா வாங்கி வாங்கி முந்நூறுக்கும் மேல சேர்த்துட்டார். அந்த ஒண்ணு மட்டும் அதுல இல்லை.

2020 லாக்டவுன். கனடாவுல அவரோட ரசிகர் வில்லியம் லாங். சும்மா இருக்க முடியாம ஒரு வேலை பண்ணார். பாக்மன் அந்தக் கிட்டாரை வாசிக்கிற பழைய வீடியோவைப் பார்த்தார். முன்பலகையோட ஓரத்துல மரத்துல ஒரு சின்னக் கரும்புள்ளி, அதாவது ஒரு கணு. மரத்துக்கு அது கைரேகை மாதிரி. முகத்தை அடையாளம் காணுற பழைய மென்பொருளை அதுக்கு ஏத்த மாதிரி மாத்தி, இணையத்துல இருக்கிற ஆரஞ்சு கிரெட்ச் படங்களை ஒவ்வொண்ணா ஒப்பிட்டார். கடைசியில ஜப்பான்ல டகேஷிங்கிற இசைக்கலைஞர் 2019 கிறிஸ்துமஸுக்கு வாசிச்ச வீடியோவுல போய் நின்னார். அதே கணு, அதே இடம்.

இப்போ யோசிச்சுப் பாருங்க. டகேஷி திருடன் இல்லை. டோக்கியோவுல ஒரு கடையில காசு கொடுத்து வாங்கினவர். அவருக்கும் அது உயிர். பாக்மனுக்கும் அது உயிர். யார் பக்கம் நியாயம்? அவங்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. அதே வருஷம் செஞ்ச, கிட்டத்தட்ட அச்சு அசலா இருக்கிற இன்னொரு கிரெட்சைத் தேடி வாங்கி, பாக்மன் அதை டகேஷிகிட்ட கொடுத்தார். 2022 ஜூலை 1, கனடா தினத்தன்னைக்கு டோக்கியோவுல மேடையில வச்சு ரெண்டு பேரும் கிட்டார் மாத்திக்கிட்டாங்க. 46 வருஷம்.

எல்லாரும் இந்தக் கதையில மென்பொருளைப் பத்திப் பேசுவாங்க. எனக்கு அது பெருசா தெரியலை. அந்தக் கணு தெரியுற மாதிரி ஒரு பழைய வீடியோ இருந்துச்சு பாருங்க, அதுதான் பெருசு. அது இல்லன்னா உலகத்துல எந்த அல்காரிதமும் எதோட எதை ஒப்பிடும்?

நம்ம ஊர்லயே இதுக்கு ஒரு சாட்சி இருக்கு. கிட்டார் இல்லை, சிலை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலோட சோழர் கால நடராஜர். திருடப்பட்டு, சுபாஷ் கபூர்ங்கிற நியூயார்க் வியாபாரி மூலமா 2008ல ஆஸ்திரேலியாவோட தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்குப் போச்சு. சும்மா போகலை. பேப்பரோட போச்சு. 1970லயே ஒருத்தர் டெல்லியில வாங்கி, சட்டம் கடுமையாகிறதுக்கு முன்னாடியே நாட்டை விட்டுக் கொண்டுபோன மாதிரி காகிதம். அத்தனையும் போலி. அதை உடைச்சது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்த ஒரு புகைப்படம். 1994ல அதே சிலையைக் கோயில்ல வச்சு எடுத்தது. 1970ல நாட்டை விட்டுப் போன சிலை 1994ல ஸ்ரீபுரந்தான்ல எப்படி நிக்கும்? 2014 செப்டம்பர்ல நடராஜர் திரும்பி வந்தார்.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட ரெண்டு விஷயம். ஒண்ணு, பேப்பர் பொய் சொல்லும். ரெண்டு, யாரோ எப்போவோ எடுத்து வச்ச ஒரு படம் அந்தப் பொய்யைப் பிடிச்சுக் கொடுக்கும். இந்த ரெண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் கதையில வேலைக்கு வரும்.

இப்போ அந்தக் கதை.

என் நண்பனோட தாத்தா ராஜபாளையத்துல ஒரு நூற்பு மில்லுல மெக்கானிக்கா இருந்தவர். அவர் இறந்து பல வருஷம் ஆச்சு. வீட்டுப் பரண்ல ஒரு கறுப்புப் பெட்டி, உள்ள ஒரு கிட்டார். அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் அவனோட அப்பத்தா. அவங்க சொன்னது இவ்வளவுதான்: "கார்டு தொரை ஈடா வச்சுட்டுப் போனாரு. இருநூறு ரூவா. ரெண்டு மாசத்துல வந்து எடுத்துக்கிறேன்னு சொன்னாரு. வரவே இல்ல."

கார்டு தொரைன்னா ரயில்வே கார்டு. ஆங்கிலோ இந்தியர். நம்ம லைன் பத்தித் தெரியாதவங்களுக்கு: விருதுநகர்ல இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியா தென்காசிக்குப் போற பாதை 1927ல வந்தது. அப்போ மீட்டர் கேஜ். ரயில்வேயில அந்தக் காலத்துல டிரைவர், கார்டு வேலைகள்ல நிறைய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தாங்க. பொன்மலை, போத்தனூர், மதுரைன்னு ரயில்வே காலனிகள் இருந்த ஊர்ல எல்லாம் இன்ஸ்டிடியூட்னு ஒரு கிளப் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி நடனம், பேண்டு. இந்தியாவுல ஜாஸ்னா பம்பாய் தாஜ் ஹோட்டலும், கல்கத்தா கிராண்ட் ஹோட்டலும்தான் ஞாபகத்துக்கு வரும். டெடி வெதர்ஃபோர்டுங்கிற அமெரிக்க பியானோ கலைஞர் கல்கத்தாவுல வாசிச்சு, 1945ல அங்கேயே இறந்தும் போனார். கல்கத்தாவுல கார்ல்டன் கிட்டோன்னு ஒரு ஜாஸ் கிட்டார் கலைஞர் கடைசி வரைக்கும் வாசிச்சுட்டு, சொல்லிக் கொடுத்துட்டு இருந்தார், அவரைப் பத்தி ஒரு ஆவணப்படமே இருக்கு. ஆனா அந்த இசை பெரிய ஹோட்டலோட நிக்கலை. ரயில் தண்டவாளம் போன இடத்துக்கெல்லாம் போச்சு.

அப்போ வெளிநாட்டுக் கிட்டார் கிடைக்கிறது சுலபம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியச் செலாவணிப் பற்றாக்குறை, இறக்குமதிக்கு லைசென்ஸ். 1991 வரைக்கும் இதுதான் நிலைமை. அதனால நம்ம நாட்டுல இருக்கிற பழைய வெளிநாட்டு ஆர்ச்டாப் ஒவ்வொண்ணுமே கை மாறி கை மாறித்தான் வந்திருக்கும். மாலுமி, சினிமா ஆர்க்கெஸ்ட்ரா, சர்ச், நாட்டை விட்டுக் கிளம்பின குடும்பம்னு யார் வழியா வேணாலும். ரசீதே இருக்காது.

ரெண்டு வருஷம் முன்னாடி நண்பன் அந்தக் கிட்டாரைப் படம் எடுத்துப் போட்டான். பெங்களூர்ல இருந்து ஒருத்தர் நல்ல விலைக்குக் கேட்டார். அவன் வீட்டு மாடி மழைக்கு ஒழுகுது, அந்தக் காசுல மராமத்து முடிச்சிடலாம். எல்லாம் சரி. அப்பத்தா மட்டும் ஒரே வார்த்தையில நின்னுட்டாங்க: "அது நம்ம பொருள் இல்ல. வித்தா நாளைக்கு அவங்க வந்து கேட்டா என்ன சொல்லுவ?"

அறுபது வருஷம் ஆச்சு, யார் வந்து கேட்கப் போறான்னு நாங்க சிரிச்சோம். ஆனா 1872ஆம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டம் 176ஆம் பிரிவை எடுத்துப் படிச்சா, கிட்டத்தட்ட அப்பத்தா சொன்னதுதான் அங்கேயும் இருக்கு. அடகுக்கு வாங்கினவர் பொருளை விக்கலாம், ஆனா அடகு வச்சவருக்கு நியாயமான அறிவிப்பு கொடுத்த பிறகுதான். அறிவிப்பு கொடுக்கணும்னா ஆள் யாருன்னு தெரியணும் இல்லையா? அப்படித்தான் தேட ஆரம்பிச்சோம்.

முதல் வேலை, கிட்டாரையே கேட்கிறது. எஃப் துளை வழியா ஒரு சின்ன எல்இடி விளக்கை இறக்கி, மொபைல்ல படம் எடுத்தோம். உள்ள லேபிள். ஜெர்மனியோட ஹாஃப்னர், செனட்டர் மாடல். 1950கள், 60கள்ல லண்டன்ல செல்மர் கம்பெனிதான் ஹாஃப்னர் கிட்டார்களை வாங்கி விநியோகம் பண்ணாங்க. செனட்டர், பிரெசிடெண்ட், கமிட்டின்னு அந்தப் பேர்கள் எல்லாம் பிரிட்டன் சந்தைக்காக வச்சது. அப்போ ஒரு விஷயம் தெளிவு: இது ஜெர்மனியில பிறந்து, பிரிட்டன் வழியா இங்க வந்திருக்கு. சீரியல் நம்பரையும் பாகங்களையும் வச்சு 1950களோட கடைசின்னு ஒரு கணிப்பு.

அடுத்து, யாரோ கை வச்ச இடங்கள். பிரிட்ஜ் அசலா வந்தது இல்லை, நம்ம ஊர் ஆசாரி யாரோ ஈட்டி மரத்துல செதுக்கினது. தலைப்பக்கம் தந்தி உட்கார்ற நட்டை உயர்த்தியிருக்காங்க. இது நல்ல தடயம். கிட்டாரை மடியில படுக்க வச்சு, இரும்புத் துண்டால தேய்ச்சு வாசிக்கிற ஹவாயன் பாணிக்குத்தான் நட்டை உயர்த்துவாங்க. அந்தப் பாணி மேல இந்தியாவுல பெரிய மோகம் இருந்துச்சு. பிரிஜ் பூஷண் காப்ரா கிப்சன் ஆர்ச்டாப் ஒண்ணை அப்படி மாத்தித்தான் இந்துஸ்தானி ராகம் வாசிச்சார். 1967ல வந்த கால் ஆஃப் தி வேலி ஆல்பத்துல சிவகுமார் சர்மாவோட சந்தூர், சௌராசியாவோட புல்லாங்குழல் கூடக் கேட்கிற கிட்டார் அவருடையதுதான். ஆக, நம்ம ஹாஃப்னரை வச்சிருந்தவர்கள்ல ஒருத்தராவது மடியில வச்சு வாசிச்சிருக்கார்.

ரெண்டாவது வேலை, ஆளைத் தேடுறது. அப்பத்தாகிட்ட வருஷம் கேட்டா தெரியாது. ஆனா "நேரு செத்த வருஷம், மழைக்கு முன்னாடி"ன்னாங்க. நேரு இறந்தது 1964 மே. அப்போ 1964ன்னு வச்சுக்கலாம். பெரியவங்க கிட்ட தேதி கேட்காதீங்க மக்களே, அந்த நேரத்துல வேற என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

மதுரையில ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் ஒருத்தர். அவர் மூலமா ஒரு சர்ச். ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களைத் தேடுறவங்களுக்கு சர்ச் பதிவேடு பெரிய பொக்கிஷம். பிறப்பு, திருமணம், இறப்பு மூணுமே இருக்கும். பிரிட்டிஷ் காலத்துப் பதிவுகளோட நகல் லண்டன்ல பிரிட்டிஷ் நூலகத்துலயும் இருக்கு. அதைத் தேடிப் பார்க்க உதவுற குடும்ப வரலாற்றுச் சங்கம்கூட இருக்கு. இப்படிப் போய், ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல வாழுற ஒரு அம்மா வரைக்கும் வந்தோம். அவங்க அப்பா அந்த லைன்ல கார்டா இருந்தவர், கிட்டார் வாசிப்பவர், 1965ல குடும்பத்தோட கிளம்பினவர். எல்லாம் பொருந்துது. எங்களுக்கு ஒரே குஷி.

அவங்க ஒரு படம் அனுப்பினாங்க. கறுப்பு வெள்ளை. ரயில்வே இன்ஸ்டிடியூட் மேடை. அவங்க அப்பா கையில ஆர்ச்டாப் கிட்டார். படத்தோட பின்பக்கம் 1962ன்னு எழுதியிருக்கு.

நண்பன் போன்லயே கத்தினான், "மாப்ள, கிடைச்சிடுச்சுடா!"

படத்தைப் பெருசாக்கிப் பார்த்தேன். அந்தக் கிட்டார்ல ஒரு பிக்கப் பொருத்தியிருக்கு, கீழ்ப்பக்கம் வால்யூம், டோனுக்கு ரெண்டு திருகு. முன்பலகையில துளை போட்டுத்தான் அதை வச்சிருக்கணும். நம்ம ஹாஃப்னரோட முன்பலகையில ஒரு துளை கிடையாது. அடைச்ச தடமும் கிடையாது. உள்ள கேமரா விட்டும் பார்த்தாச்சு. 1962ல ஓட்டை போட்ட மரம் 1964ல தானா மூடிக்காது. படத்துல இருக்கிற கிட்டார் இது இல்லை.

இந்த இடத்துல மனசு என்ன பண்ணும் தெரியுமா? சமாதானம் தேடும். வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும், தேதி தப்பா எழுதியிருப்பாங்க, அப்படின்னு. எங்களுக்கும் ஒரு லாபம் இருந்துச்சு. அவங்கதான் சொந்தக்காரங்கன்னு முடிவாகிட்டா ஒரு அறிவிப்பு, ஒரு சம்மதக் கடிதம், விக்கலாம், மாடியைச் சரி பண்ணலாம். ஸ்ரீபுரந்தான் நடராஜருக்கு யாரோ பேப்பர் தயார் பண்ண மாதிரிதான் அதுவும் ஆகியிருக்கும், சின்ன அளவுல. ஏற்கனவே முடிவு பண்ணிட்டு அதுக்கு ஆதாரம் சேர்க்கிறது.

நண்பன் அப்படிப் பண்ணலை. அந்த அம்மாகிட்ட பொருந்தலைன்னு படத்தோட விளக்கிச் சொன்னான். அவங்க, "எங்க அப்பாகிட்ட இன்னொரு கிட்டாரும் இருந்துச்சு, அதை மடியில வச்சு வாசிப்பார்"னு சொன்னாங்க. உயர்த்தின நட்டை நினைச்சுப் பாருங்க, அதுவா இருக்கலாம். ஆனா அதுக்குப் படம் இல்லை. வீடியோ கால்ல அப்பத்தாவும் அவங்களும் பேசினாங்க, நான்தான் நடுவுல மொழிபெயர்ப்பு. அப்பத்தா, "ரூவா எனக்கு வேணாம். பொருள் உங்கப்பாரோடதான்னு மட்டும் சொல்லும்மா, குடுத்து விட்டுருதேன்"ன்னாங்க. அந்த அம்மா ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "ஆமான்னு சொல்ல ஆசையா இருக்கு. ஆனா எனக்குத் தெரியாது"ன்னாங்க.

எனக்கு அந்தப் பதில் மேல பெரிய மரியாதை. ஆமான்னு சொல்லியிருந்தா கிட்டார் அவங்களுக்குத்தான் போயிருக்கும். யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டாங்க.

இன்னைக்கு நிலைமை: கிட்டார் விக்கப்படலை. அந்த அம்மா தன் அண்ணன் வீட்டு ஆல்பங்களைப் பார்த்துட்டு இருக்காங்க. மாடி ஒழுகல் இன்னும் அப்படியேதான் இருக்கு. கிட்டார் பரண்ல இருந்து இறங்கி, ஈரம் படாத ஒரு அலமாரிக்குப் போயிடுச்சு. பெட்டிக்குள்ள ஒரு கவர்ல நாலு பக்கம் எழுதி வச்சிருக்கோம்: அப்பத்தா சொன்னது, அப்படியே அவங்க வார்த்தையில. லேபிள் படம். பெர்த் படம், அது ஏன் பொருந்தலைங்கிற விளக்கம். யார் யாரைக் கேட்டோம்ங்கிற பட்டியல். கீழ அப்பத்தா கையெழுத்து.

சிலர் கேட்கலாம், இவ்வளவு வருஷம் கழிச்சுத் தேடி என்ன பிரயோஜனம்னு. அதுக்கும் ஹாஃப்னர்லயே ஒரு பதில் இருக்கு. பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல சுமார் 30 பவுண்டுக்கு வாங்கின ஹாஃப்னர் பேஸ் கிட்டார், 1972ல லண்டன்ல ஒரு வேன்ல இருந்து திருடு போச்சு. 2023ல அதைத் தேடுற குழு, யாருக்காவது தெரியுமான்னு பகிரங்கமா கேட்டுச்சு. செய்தி பரவுச்சு. இங்கிலாந்தோட தென் கரையில ஒரு வீட்டு மாடிப் பரண்ல இருந்த கிட்டார் வெளிய வந்துச்சு. 2024 பிப்ரவரியில அதுதான் இதுன்னு அறிவிச்சாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல. கேட்டதாலதான் கிடைச்சது.

நமக்கு டி'ஏஞ்சலிகோ லெட்ஜர் மாதிரி எதுவும் இல்லை. நம்ம லெட்ஜர் எல்லாம் எண்பது, தொண்ணூறு வயசுல, திண்ணையிலயும் கட்டில்லயும் உட்கார்ந்திருக்கு. அதுக்கு பேக்கப் கிடையாது. அப்பத்தா அந்த ஒரு வரியைச் சொல்லாம விட்டிருந்தா அந்தக் கிட்டார் வெறும் பழைய சாமான். தாத்தா உயிரோட இருக்கும்போது யாராவது கேட்டிருந்தா, அந்தக் கார்டோட பேரே கிடைச்சிருக்கும்.

அதனால இந்த வாரம் செய்ய வேண்டியது. வீட்டுல இருக்கிற பழைய பொருள் ஒண்ணை எடுங்க. கிட்டாரோ, வீணையோ, ஆர்மோனியமோ, தையல் மெஷினோ, எதுவா இருந்தாலும் சரி. பகல் வெளிச்சத்துல நாலு பக்கமும் படம் எடுங்க. கீறல், கணு, ஓட்டை எல்லாம் தெரியணும். சீரியல் நம்பர், லேபிள் இருந்தா தனியா எடுங்க. பளபளப்பாக்குறேன்னு தேய்ச்சுடாதீங்க, அந்த அழுக்குலயும் கீறல்லயும்தான் தடயம் இருக்கு. ரிப்பேருக்குக் கொடுத்தா கழட்டின பாகத்தைத் திரும்ப வாங்கி, பெட்டியிலயே போட்டு வைங்க. வீட்டுப் பெரியவங்க பேசுறதை மொபைல்ல ரெக்கார்ட் பண்ணுங்க. பழசா வாங்கினா விக்கிறவர்கிட்ட, "உங்களுக்கு இது யார்கிட்ட இருந்து வந்துச்சு?"ன்னு ஒரு கேள்வி கேட்டு, பதிலை எழுதி வைங்க. கடைசியா, உங்க கைக்கு எப்போ, யார்கிட்ட இருந்து, எவ்வளவுக்கு வந்துச்சுன்னு மூணு வரி எழுதி உள்ள வைங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க. தெரியாததுக்குத் தெரியாதுன்னே எழுதுங்க.

நமக்கு அப்புறம் யாரோ ஒருத்தர் அந்தப் பெட்டியைத் திறப்பாங்க. அவங்க தேடும்போது நடுவுல ஒரு பக்கமாவது கிழியாம இருக்கட்டும்.

மதுரை, பொன்மலை, போத்தனூர் பக்கம் 1960கள்ல ரயில்வே இன்ஸ்டிடியூட்ல பேண்டு வாசிச்ச குடும்பம் யாராவது இதைக் கேட்டுட்டு இருந்தா, வீட்டு ஆல்பத்துல ஒரு தடவை பாருங்க. மடியில கிட்டார் வச்சு வாசிக்கிற ஆள் படம் இருந்தா எங்களுக்கு எழுதுங்க.